வெள்ளித்திரைத் தராசில் நம் எடை

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். "மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கியவர் மேடையேறி சினிமாவைப் பற்றியா பேசப் போகிறார்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தும் இருப்பீர்கள். சினிமா பார்க்கலாமா, கூடாதா என்று ஃபத்வா கொடுக்க நான் இங்கே வரவில்லை. நாம் கொட்டகைக்குப் போகாவிட்டாலும் சினிமா நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் செல்போனில் அது உட்கார்ந்திருக்கிறது. வந்து உட்கார்ந்தவன் நம்மைப் பற்றி நம் பிள்ளையிடமே என்ன சொல்லிக் கொடுக்கிறான் என்று கேட்பது தகப்பனின் கடமையா, இல்லையா? அதைத்தான் பேசப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மஹல்லாவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் அஸர் தொழுகை முடிந்து என்னிடம் வந்தார். அவருடைய பத்து வயது மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. இளவரசனும் மந்திரவாதியும் வரும் ஒரு ராஜா காலத்து நாடகம். அந்தப் பையனுக்குத் தலைப்பாகை கட்டி, பஞ்சு ஒட்டித் தாடி வைத்து மந்திரவாதி வேஷம் கொடுத்திருக்கிறார்கள். "உனக்குத்தான் இது பொருத்தமா இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் வீட்டுக்கு வந்து தகப்பனாரின் தாடியைத் தொட்டுப் பார்த்து, "அத்தா, நம்ம தாடி கெட்டவங்க தாடியா?" என்று கேட்டிருக்கிறான்.

"என்ன ஹஜ்ரத் பதில் சொல்றது?" என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தார் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆசிரியையின் மனதில் 'மந்திரவாதி' என்றவுடன் ஒரு முகம் தானாக எழுந்து நின்றிருக்கிறது. அந்த முகத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்? அதைத் தேடிப் போனபோதுதான் ராஜா காலத்துச் சாகசப் படங்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

அக்ரபாவின் மீது குண்டு

1992-ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் 'அலாதீன்' என்ற கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. உலகம் முழுவதும் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். கதை நடக்கும் ஊரின் பெயர் அக்ரபா. பூமியில் எங்கும் இல்லாத, கற்பனை செய்த அரபு ஊர். படத்தின் தொடக்கப் பாட்டில், அந்த நாட்டில் முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடுவார்கள் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. பிள்ளைகளுக்கான படத்தில்! அடுத்து ஒரு கடைவீதிக் காட்சி. இளவரசி ஜாஸ்மின், பசித்து நிற்கும் ஒரு சிறுவனுக்குக் கடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுக்கிறாள். கடைக்காரன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வெட்ட வாளை ஓங்குகிறான்.

வணிகப் பெருமக்களே! பசித்த பிள்ளைக்கு ஒரு பழம் போனதற்காகக் கையை வெட்ட ஓடிவரும் கடைக்காரரை உங்கள் ஆயுளில் பார்த்திருக்கிறீர்களா? கடனைக் கேட்கவே கூச்சப்பட்டு நோட்டுப் புத்தகத்தை மூடி வைக்கும் கடைக்காரர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் படம் பார்த்து வளர்ந்த கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு 'அரபு வியாபாரி' என்றால் அந்த வாளை ஓங்கியவன்தான்.

அமெரிக்காவில் வாழும் அரபு மக்களின் பாகுபாடு எதிர்ப்பு அமைப்பு ஒன்று இதைத் தட்டிக் கேட்டது. அவர்கள் கல்லெறியவில்லை, காரணங்களை எடுத்து வைத்தார்கள். 1993-இல் வீடியோ கேசட்டாக அந்தப் படம் வெளிவந்தபோது காதை அறுக்கும் வரி நீக்கப்பட்டது. ஆனால் அந்த நாடே காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் சொல் அப்படியே நின்றது. 2019-இல் அதே நிறுவனம் மனித நடிகர்களை வைத்து மீண்டும் எடுத்தபோதுதான் அந்தச் சொல்லும் மாறியது. ஒரு வரியை எடுக்க ஓராண்டு. அடுத்த சொல்லை எடுக்க இருபத்தாறு ஆண்டு!

"கார்ட்டூன் தானே ஹஜ்ரத், இதற்கெல்லாம் அலட்டிக் கொள்ளலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம், குடியரசுக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவிருந்த வாக்காளர்களிடம் ஒரு குறும்புக் கேள்வி கேட்டது: "அக்ரபாவின் மீது குண்டு வீசுவதை ஆதரிக்கிறீர்களா?" 30 சதவீதம் பேர் ஆதரிக்கிறோம் என்றார்கள்! எதிர்த்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினரிலும் 19 சதவீதம் பேர் 'போடலாம்' என்றார்கள்.

இல்லாத ஊர்! கார்ட்டூனில் வரைந்த ஊர்! பெயர் அரபு மாதிரி ஒலித்தது. அது போதுமானதாக இருந்தது. எண்ணிப் பாருங்கள். திரையில் ஒரு மக்களின் எடை குறைக்கப்பட்டால், தரையில் அவர்களின் உயிரின் எடையும் குறைகிறது.

ஜாக் ஷாஹீன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் வாழ்நாளையே இந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 900-க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை அலசி 2001-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவற்றில் அரபு மனிதரை நல்லவராகக் காட்டியவை விரல் விட்டு எண்ணக் கூடியவையே. இந்த ஷாஹீன் முஸ்லிம் அல்லர். லெபனான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வந்தவர். நியாயத்துக்குச் சாட்சி சொல்ல மார்க்கம் பார்த்து வர வேண்டியதில்லை என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. 2017-இல் மறைந்தார்.

யானைப் பாகனின் மகன்

இன்னும் பின்னால் போவோம். 1940-இல் லண்டனின் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' என்ற வண்ணப் படம் வெளிவந்தது. மூன்று ஆஸ்கார் விருதுகள் பெற்றது. பறக்கும் குதிரை, பறக்கும் கம்பளம், குப்பியிலிருந்து எழும் ஜின் என்று அத்தனை அற்புதங்களும் அதில் உண்டு. அதில் அபு என்ற திருட்டுச் சிறுவனாக நடித்தவர் யார் தெரியுமா? நமக்குப் பக்கத்து மைசூர் சீமையில், காராபூரில் 1924-இல் பிறந்த சாபு. முஸ்லிம் யானைப் பாகன் குடும்பத்துப் பிள்ளை. 1937-இல் வந்த 'எலிஃபண்ட் பாய்' படத்துக்காகக் கண்டெடுக்கப்பட்டு லண்டனுக்கும் பிறகு ஹாலிவுட்டுக்கும் போனவர்.

அந்தப் படத்தில் உயிரைப் பணயம் வைப்பது சாபு. ஜின்னோடு மோதுவது சாபு. கம்பளத்தில் பறந்து வந்து கொடியவனை வீழ்த்துவது சாபு. ஆனால் அரியணையும் இளவரசியும் யாருக்கு? அஹமது என்ற பெயரில் நடித்த ஆங்கில நடிகர் ஜான் ஜஸ்டினுக்கு! பாக்தாத் மன்னனாக ஓர் ஆங்கிலேயர். அவருக்குத் துணையாக நம் பிள்ளை. வேலை ஒருவனுக்கு, கூலி இன்னொருவனுக்கு.

நம் தமிழ்த் திரையும் இதே கதைக் களஞ்சியத்திலிருந்து அள்ளியதுதான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1960-இல் வந்த 'பாக்தாத் திருடன்', இரண்டிலும் எம்.ஜி.ஆர். நாயகர். அந்தக் காலத்துத் தமிழ் ரசிகன் அலிபாபாவைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினான். ஆக, குற்றம் கதையில் இல்லை. அதே பாக்தாத், அதே குகை. கதை சொல்லுகிறவன் அந்த மனிதர்களை எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தங்கக் காசு சொல்லும் சாட்சி

இப்போது இன்னொரு கூச்சல் கேட்கிறது. 2022-இல் டோல்கீனின் கதையுலகை வைத்து அமேசான் நிறுவனம் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' என்ற தொடரை எடுத்தது. அதில் வனதேவர் இனத்து வீரனாக புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த கறுப்பு நிற நடிகர் ஒருவரும், குள்ளர் இனத்து இளவரசியாகக் கறுப்பினப் பெண்மணி ஒருவரும் நடித்தார்கள். உடனே சிலர் கொதித்தெழுந்தார்கள். நடிகர்களை இழிவாக ஏசினார்கள். "அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இவர்கள் எங்கே இருந்தார்கள்? வலிந்து திணிக்கிறார்கள்!" என்றார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள்! நெருப்புக் கக்கும் பறவைநாகத்தை நம்புகிறார்கள். சாகாவரம் பெற்ற வனதேவனை நம்புகிறார்கள். அந்த வனதேவனின் தோல் கறுப்பாக இருந்தால் மட்டும் நம்ப முடியவில்லையாம்! முந்தைய படங்களில் குட்டி மனிதர்களாக நடித்த வெள்ளைக்கார நடிகர்கள், பல நிறக் காதுகள் அச்சிட்ட பனியனை அணிந்து, "எல்லோருக்கும் இங்கே வரவேற்பு உண்டு" என்று காட்டினார்கள். அவர்களுக்கு நம் பாராட்டு.

கற்பனையை விடுங்கள். வரலாறு என்ன சொல்கிறது? வணிகர்களே, உங்களுக்குப் புரிகிற சாட்சியைக் கொண்டு வருகிறேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு தங்கக் காசு இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியா பகுதியை ஆண்ட ஆஃபா என்ற கிறிஸ்தவ மன்னன் அடித்த காசு. அதில் என்ன எழுதியிருக்கிறது? அரபு எழுத்தில் கலிமா! அப்பாஸிய கலீஃபாவின் ஹிஜ்ரி 157-ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்து, அரபு தெரியாத ஆங்கிலத் தட்டான் அப்படியே வெட்டியிருக்கிறான். நடுவில் 'ஆஃபா அரசன்' என்று லத்தீனில் பொறித்ததுகூட அரபு எழுத்துக்குத் தலைகீழாக நிற்கிறது! சந்தையில் செல்லுகிற காசு எது என்று ஆஃபாவுக்குத் தெரிந்திருந்தது. சுவீடன் நாட்டு மண்ணிலிருந்து ஆயிரம் ஆயிரமாய் அரபு வெள்ளி திர்ஹம்கள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. காசு தானாக நடந்து போகுமா? மனிதனும் சரக்கும் போன வழியில்தான் அது போனது.

இன்னும் கேளுங்கள். சிசிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜருக்காக நெய்யப்பட்ட அரச மேலங்கியின் ஓரம் முழுவதும் அரபு வாசகம். ஹிஜ்ரி 528 என்று ஆண்டும் தைக்கப்பட்டிருக்கிறது. இன்றும் வியன்னாவில் அதைப் பார்க்கலாம். ஜெர்மனியின் மாக்டபுர்க் பேராலயத்தில் 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய புனித மொரீஸ் சிலை நிற்கிறது. இரும்புக் கவசம் பூண்ட அந்த வீரரின் முகம் ஆப்பிரிக்க முகம்.

அந்தக் காலத்து ஐரோப்பியக் கதைகளிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஆர்தர் மன்னனின் வட்டமேசை வீரர்களில் பாலமிடீஸ் ஒரு சாரசன், அதாவது முஸ்லிம் நாட்டிலிருந்து வந்த வீரன். 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் நூலிலேயே அவன் இருக்கிறான். 13-ஆம் நூற்றாண்டு டச்சுக் காவியம் ஒன்றில் மோரியன் என்ற கறுப்பு வீரனே கதாநாயகன். ஆக, திணித்தவர்கள் யார், நீக்கியவர்கள் யார்? வந்து உட்கார்ந்தவர்களைப் பிற்காலத்தார் எழுப்பி வெளியே அனுப்பினார்கள். இப்போது திரும்பி வந்தால் "நீ யார்?" என்று கேட்கிறார்கள்.

துணைக்கு வந்தவனும் துணிந்து நின்றவனும்

எல்லாமே இருட்டுதானா? இல்லை. நியாயமாகப் பேசுவோம். 1991-இல் வந்த 'ராபின் ஹூட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' படத்தில் அஸீம் என்ற முஸ்லிம் வீரராக மார்கன் ஃப்ரீமன் நடித்தார். ஜெருசலம் சிறையிலிருந்து ராபினோடு தப்பி இங்கிலாந்து போகிறார். கடல் கடந்தும் தொழுகையை விடவில்லை; மதுவைத் தொடவில்லை. பிரசவத்தில் தவிக்கும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு அறுவை செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறார். ஒரு சிறுமி அவரது நிறத்தைப் பார்த்து, இறைவன்தான் உமக்கு வண்ணம் பூசினானா என்று கேட்கிறாள். ஆம், அவன் பல வண்ணங்களை விரும்புகிறவன் என்று பதில் சொல்கிறார். சூரா அர்ரூமின் 22-வது வசனம் உங்களில் எத்தனை பேருக்கு அப்போது நினைவுக்கு வரும்? மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சி என்று சொல்லும் வசனம் அது.

பழைய ராபின் ஹூட் பாட்டுகளில் முஸ்லிம் தோழன் கிடையாது. 1984-இல் தொடங்கிய பிரிட்டிஷ் டி.வி. தொடர் ஒன்று நாஸிர் என்ற சாரசனை ராபினின் கூட்டத்தில் சேர்த்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் விடவேயில்லை. 1991-இல் அஸீம். 2006-இல் பி.பி.சி. தொடரில் ஜாக் என்ற சாரசன் பெண். 2018 படத்தில் யஹ்யாவாக ஜேமி ஃபாக்ஸ். ஒருவர் திறந்த கதவு முப்பது ஆண்டுக்கும் மேலாக மூடவில்லை.

ஆனாலும் எடைபோடும்போது தட்டில் இன்னும் குறை இருக்கிறது. அஸீம் ஏன் அந்நிய நாட்டில் வாள் வீசுகிறார்? உயிரைக் காப்பாற்றிய ராபினுக்குப் பட்ட கடனைத் தீர்க்க. கடன் தீர்ந்ததும் கதையில் அவருக்கு வேலை தீர்ந்தது. அவர் வீடு திரும்பினாரா? படத்துக்கு அந்தக் கவலை இல்லை. முன்பு வில்லனாக மட்டும் வந்தோம். பிறகு நல்ல துணைவனாக வந்தோம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் துணைவன் தன் கதைக்கு எப்போது எஜமானன் ஆவான்?

அதற்கும் ஒரு படம் உண்டு. 1999-இல் வந்த 'தி 13த் வாரியர்'. அதன் நாயகர் அஹ்மத் இப்னு ஃபழ்லான் கற்பனை மனிதர் அல்லர். கலீஃபா அல்முக்ததிரின் தூதுக்குழுவில் 921-இல் பாக்தாதிலிருந்து புறப்பட்டு, 922-இல் வோல்கா நதிக்கரைப் பல்கர் மக்களிடம் போய்ச் சேர்ந்தவர். வழியில் கண்ட வடநாட்டு ரூஸ் மக்களைப் பற்றி எழுதி வைத்தவர். அவர்களின் தலைவனைக் கப்பலில் வைத்து எரித்த சடங்கை நேரில் பார்த்து எழுதிய அவருடைய குறிப்பை ஐரோப்பிய அறிஞர்கள் இன்றும் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். 1923-இல் அந்தக் கையெழுத்துப் பிரதி ஈரானின் மஷ்ஹதில் கிடைத்தது.

படம் அவரை அரக்கக் கூட்டத்தோடு போர் செய்ய வைக்கிறது, அது கற்பனை. அவர் வடநாட்டாரோடு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, அவர்கள் வாயையே பார்த்துப் பார்த்து அவர்கள் மொழியைக் கற்கிறார். தூக்க முடியாத கனத்த வாள் ஒன்றைக் கொடுக்கிறார்கள்; அதைத் தேய்த்துத் தன் கைக்கேற்ற வளைந்த வாளாக்கிக் கொள்கிறார். அந்தக் கூட்டத்தின் தலைவன் அவரிடம், ஒலியை எப்படி வரைவது என்று கேட்கிறான். மணலில் கலிமாவின் பொருளை அவர் எழுதிக் காட்டுகிறார். தலைவன் அதைப் பார்த்து எழுதிப் பழகுகிறான். அஞ்சுகிறார், தடுமாறுகிறார், கற்றுக் கொள்கிறார், கற்றுக் கொடுக்கிறார், தொழுகிறார். அவர் ஒரு மனிதர்! அதுதான் நாம் கேட்பது. நடித்தவர் அந்தோனியோ பந்தேராஸ் என்ற ஸ்பானியர். படமும் வசூலில் படுதோல்வி. ஆனாலும் அந்த எடை சரியான எடை.

2005-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தில் சிரியாவின் கஸ்ஸான் மஸ்ஊத் சுல்தான் ஸலாஹுத்தீனாக நடித்தார். 1187-இல் ஜெருசலம் கைக்கு வந்தபின், கீழே விழுந்து கிடந்த ஒரு சிலுவையை சுல்தான் குனிந்து எடுத்து மேசை மேல் நிறுத்தி வைக்கிறார். வசனம் கிடையாது. பெய்ரூட் கொட்டகையில் அந்தக் காட்சிக்கு மக்கள் எழுந்து கைதட்டியதை நேரில் கண்டதாகப் பத்திரிகையாளர் ராபர்ட் ஃபிஸ்க் எழுதினார். அவர்கள் கைதட்டியது எதற்கு? தங்கள் வெற்றிக்கா? மாற்றாரின் புனிதத்தை மதித்த தங்கள் பண்புக்கு!

நம் எடைக்கல் சரியா?

சகோதரர்களே! இதுவரை பிறரை எடை போட்டோம். இனி நம் கடையின் எடைக்கல்லை எடுத்துப் பார்ப்போம். சூரா அல்முதஃப்பிஃபீன் யாரைப் பற்றி இறங்கியது என்று வணிகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் வைத்திருப்பவர்களைப் பற்றியது. அந்த எச்சரிக்கை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும்தானா? மனிதனை அளக்கும்போது இல்லையா?

ஆயிரத்தொரு இரவுகள் நாம் பெருமைப்படும் கதைக் கடல். அதன் தொடக்கக் கதையிலேயே கறுப்பு அடிமை எப்படி வருகிறான்? துரோகத்தின் உருவமாக! அதை எழுதியவர்கள் வெள்ளையர் அல்லர். 1940 படத்தில் குப்பிக்குள் அடைபட்ட ஜின்னாக நடித்தவர் ரெக்ஸ் இங்ராம் என்ற கறுப்பின அமெரிக்க நடிகர். ஜின் என்றால் கறுப்பு, காவலாளி என்றால் கறுப்பு. அதைப் பார்த்து நாம் கோபப்பட்டோமா? நம்மைக் குறைத்து அளந்தபோது மட்டும் கத்தினோம்.

அடுத்தவரைச் சொல்வானேன்? என் குற்றத்தைச் சொல்கிறேன். மக்தபில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் வழக்கம். ஒருமுறை பூதம் வரும் கதை. சுவைக்காக, "கன்னங்கரேலென்று ஒரு பூதம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வகுப்பிலேயே கறுப்பான பையனுக்குப் 'பூதம்' என்று பெயர் விழுந்திருந்தது. அவன் மக்தபுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்குப் போய் நின்றேன். அவனுடைய உம்மா என்னை ஏசவில்லை. "நீங்களே சொல்லிட்டீங்களே ஹஜ்ரத்" என்றார்கள். அவ்வளவுதான். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

மறுநாள் பிள்ளைகள் எல்லோர் முன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை அன்று சொன்னேன். ஆனால் நூறு முறை பிலால் (ரலி) அவர்களைப் பற்றி பயான் செய்த அதே நாக்குதானே பூதத்துக்கும் கறுப்பு நிறம் கொடுத்தது? பள்ளிக்கூடத்தில் தாடி ஒட்டிவிட்ட அந்த ஆசிரியைக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர் மனதிலும் ஒரு முகம் இருந்தது. என் மனதிலும் ஒரு நிறம் இருந்தது. இரண்டையும் ஏதோ ஒரு கதை கொண்டுவந்து வைத்திருந்தது.

இப்னு ஃபழ்லானை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ரூஸ் மக்களின் அசுத்தத்தைப் பார்த்து அருவருத்து எழுதினார். அதே பேனாவால், இவர்களைப் போல் வாட்டசாட்டமான உடற்கட்டைக் கண்டதில்லை என்றும் எழுதினார். கண்டதை இரு தட்டிலும் வைத்தார். அதனால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் அவர் சாட்சி செல்லுகிறது. 1963-இல் எகிப்தின் யூசுஃப் ஷாஹீன் ஸலாஹுத்தீனைப் பற்றிப் படமெடுத்தபோது, சுல்தானின் படையில் ஈஸா என்ற அரபுக் கிறிஸ்தவ வீரனுக்குப் பெரிய இடம் கொடுத்தார். இடம் கேட்கிறவர்கள் இடம் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்?

இளைஞர்களே! முதல் வேலை, படியுங்கள். ஆஃபாவின் காசும் இப்னு ஃபழ்லானின் பயணமும் தெரியாதவன், "அந்தக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்விக்கு முன் வாயடைத்து நிற்பான். தெரிந்தவன் கோபப்படத் தேவையில்லை; சொன்னால் போதும்.

இரண்டாவது, குறையைக் கண்டால் அறிவோடு எடுத்துச் சொல்லுங்கள். 1993-இல் ஒரு வரி நீங்கியது வாதத்தால். நேர்மாறான பாடமும் நம்மிடம் இருக்கிறது. ஹலப் நகரில் பிறந்த முஸ்தஃபா அக்காத், நபி (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டாமல் 1976-இல் 'தி மெசேஜ்' படத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என்று இரண்டு முறை எடுத்தார். 1977-இல் வாஷிங்டனில் ஒரு கூட்டம் துப்பாக்கியோடு கட்டடங்களில் புகுந்து மக்களைப் பணயமாகப் பிடித்து, அந்தப் படத்தைத் திரையிடக் கூடாது என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தது! அக்காத் அடுத்து ஸலாஹுத்தீனைப் பற்றிப் படமெடுக்கும் கனவோடு இருந்தார். 2005 நவம்பரில் ஜோர்டானின் அம்மான் நகர ஹோட்டலில் நடந்த குண்டு வெடிப்பில் அவரும் அவருடைய மகளும் பலியானார்கள். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டவர்கள் வைத்த குண்டு! நம் முகத்தில் கரி பூசுகிறவன் ஹாலிவுட்டில் மட்டும் இல்லை சகோதரர்களே.

மூன்றாவது, வணிகப் பெருமக்களுக்கு. நம் கதையை நாம் சொல்ல எழுத்தாளன் வேண்டும், ஓவியன் வேண்டும், காமிரா பிடிக்கத் தெரிந்தவன் வேண்டும். அவர்களுக்குப் படிப்பும் முதலும் வேண்டும். கல்யாண மண்டபம் கட்ட நன்கொடை தரும் கைகள், கதை எழுதத் தெரிந்த ஒரு ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் தரட்டும். அந்தப் பிள்ளை எழுதும் கதையில் நாம் எல்லோரும் மலக்குகளாக வர வேண்டியதில்லை. தப்பு செய்பவனும் வரட்டும், திருந்துபவனும் வரட்டும். பக்கத்து வீட்டுக்காரரும் தம் முழு எடையோடு வரட்டும்.

அந்தப் பாத்திரக்கடைச் சகோதரர் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியையிடம் பக்குவமாகப் பேசினார். "நான் அப்படி நினைச்சே பார்க்கலை" என்று அவர் வருந்தினாராம். நாடகம் நடந்தது. பையன் மந்திரவாதியாகத்தான் நடித்தான். ஒட்டுத் தாடி மட்டும் இல்லை. பெரிய வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஒரு வரி நீங்கியது, அவ்வளவுதான். மிச்சத்தை நாம் எழுத வேண்டும்.

அளவிலும் நிறுவையிலும் நீதி செய்வோரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.